வீட்டு செட்டுக்கு எதற்கு மைக்?

பேரையூர் வட்டாரத்தில் விருமாண்டிக்கு இருந்த பேர் கொஞ்சநஞ்சமல்ல. அவருக்கு என்றுகூடச் சொல்ல முடியாது, அவர் காதுக்கு. இருபத்தெட்டு வருடம் ரேடியோ செட் நடத்தினவர். சாமி கும்பிடு, சடங்கு, காதுகுத்து என்று எது நடந்தாலும் மரத்துக்கு மரம் ஒலிபெருக்கிக் குழாய் கட்டிப் பாட்டுப் போடும் தொழில் அது. திருவிழாவின் இரண்டாம் நாள் காலையில் வீட்டுக்குப் போய் ஒரு வாய் கஞ்சி குடித்துவிட்டு வருவார். வந்ததும் வராததுமாக ஏணியைத் தூக்கிக்கொண்டு நேரே மூன்றாவது புளியமரத்துக்குப் போய், "இந்தக் குழாய் நேத்துலருந்து கரகரங்குது" என்று கழற்றுவார். திறந்து பார்த்தால் உள்ளே கம்பிச் சுருள் கருகிக் கிடக்கும். "அந்த மனுசனுக்கு இருக்கிறது காதா மிசினா" என்று டீக்கடையில் நாலு நாள் பேசுவார்கள்.

இந்தப் பேச்சை விருமாண்டி ஒருநாளும் மறுத்ததில்லை. எதற்கு மறுக்கவேண்டும்? புகழ் வந்து மடியில் உட்காரும்போது எழுந்து நிற்கிற ஆள் யார் இருக்கிறார்கள்? அது மட்டுமல்ல, அந்தக் கஞ்சி குடிக்கப் போன நேரத்தில் வீட்டில் என்ன நடந்தது என்று எவனும் கேட்கவுமில்லை.

இரண்டாயிரத்து ஒன்றாம் வருடம் தை மாதம் செட்டைத் தம்பி மகன் காளையிடம் ஒப்படைத்தார். அவருக்கு ஒரே ஒரு ஆசை பாக்கி இருந்தது. "இம்புட்டு வருசமும் குழாய்க்குப் பின்னாடி, ஜெனரேட்டர் பக்கத்துல நின்னு பாட்டோட முதுகத்தான் கேட்டிருக்கேன். இனி வீட்ல ஒக்காந்து அது மூஞ்சியக் கேக்கணும்" என்பார். இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர், ஒரு பெரிய ஆம்ப்ளிஃபயர், இசைத்தட்டு ஓட்டும் பிளேயர் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. நடுவில் ஒரு பெட்டி மட்டும் வரவேண்டியிருந்தது. முள் எடுத்துக் கொடுக்கிற பொடிச் சத்தத்தை முதலில் தூக்கிப் பிடித்து, பெரிய ஆம்ப்ளிஃபயரிடம் ஒப்படைக்கிற பெட்டி. அதற்கு ப்ரீ-ஆம்ப் என்று பேர்.

அதைச் செய்து தருகிறவர் மதுரை முனிச்சாலையில் மாடியில் பட்டறை வைத்திருந்த பாலகணேஷ். சௌராஷ்டிரக்காரர், நாற்பது வயது, பற்றவைக்கிற சால்டரிங் கோல் கையில் இருந்தால் பெற்ற தாய் கூப்பிட்டாலும் திரும்பமாட்டார். அவர் இரண்டு விதமாகச் செய்து வைத்திருந்தார். ஒன்று வால்வுப் பெட்டி, உள்ளே கண்ணாடிக் குமிழ்கள் செக்கச்செவேலென்று எரியும், பெட்டியும் சூடாகும். இன்னொன்று டிரான்சிஸ்டர் பெட்டி, சின்னது, சூடே ஆகாது.

"எது நல்லாருக்குன்னு நீங்களே காதால கேட்டுச் சொல்லுங்கண்ணே. ஒங்க காதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல" என்றார் பாலகணேஷ்.

"அது கெடக்கட்டும். ரெண்டுலயும் மைக் குத்துறதுக்கு ஓட்ட வையி."

"வீட்டு செட்டுக்கு எதுக்குண்ணே மைக்? யாருக்கு என்ன அறிவிக்கப்போறீங்க?"

"மைக் இல்லாத பொட்டி ஒரு பொட்டியா தம்பி" என்றார் விருமாண்டி. அதற்கு மேல் அவரிடம் பேசிப் பயனில்லை. பாலகணேஷ் சலித்துக்கொண்டே இரண்டு பெட்டியிலும் துளை போட்டார்.

வினை வேறு வழியில் வந்தது. ஞானஒளிவுபுரத்தில் குடியிருக்கும் கிளமெண்ட் என்று ஒரு கணக்கு வாத்தியார், அவரும் அதே பட்டறைக்கு வாடிக்கை. வால்வா டிரான்சிஸ்டரா என்று ஆறு மாதமாகப் புத்தகம் புத்தகமாகப் படித்து, படித்ததில் இருந்த தெளிவும் போய், கடைசியில் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். "விருமாண்டி அண்ணே கேட்டு எதச் சொல்றாரோ, அதையே எனக்கும் ஒண்ணு பண்ணிக் குடு. அவரு காது சொன்னா சரி." ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சோதனை என்று நாளும் குறித்துவிட்டார்.

விருமாண்டி வசமாக மாட்டிக்கொண்டார். ஏனென்றால் எட்டு மாதத்துக்கு முன்னால் மதுரையில் ஒரு காது டாக்டர் அவரைக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்துப் பார்த்துவிட்டு ஒரு தாளைக் கையில் கொடுத்திருந்தார். அதில் ஒரு கோடு பாதி தூரம் நேராகப் போய், அப்புறம் கிணற்றில் விழுந்த மாதிரி கீழே போயிருந்தது. "கீழ்ச்சத்தம் நல்லாக் கேக்கும். மேல்சத்தம் எல்லாம் போயிருச்சு. நரம்பு விசயம், திரும்ப வராது. குழாய்ப் பக்கத்துலயே நின்னதுக்குக் கூலி" என்றார் டாக்டர். விருமாண்டி தாளை நாலாக மடித்து, ஒரு பழைய இசைத்தட்டின் உறைக்குள் செருகி வைத்தார். யாரிடமும் மூச்சு விடவில்லை. ஊர் முழுக்கக் காதுக்காரன் என்கிறது, காது போச்சு என்று எந்த வாயால் சொல்வார்?

ஞாயிறு காலை அவர் சட்டை மாட்டும்போது மனைவி ஒச்சம்மாளும் சேலை மாற்றிக்கொண்டு நின்றாள்.

"நீ எங்க?"

"நானும் வாரேன். வீட்டுக்குள்ள வர்ற சாமான நான் ஒரு கண்ணு பாக்க வேணாமா."

வேண்டாம் என்று சொல்ல அவரிடம் காரணம் இல்லை. பஸ்ஸில் கல்லுப்பட்டி தாண்டுகிறவரை அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். அவள் பையிலிருந்து கடலையை எடுத்து உரித்து உரித்துக் கொடுத்தாள். அவர் எதைத் தின்கிறோம் என்று தெரியாமல் தின்றார்.

பட்டறையில் எல்லாம் தயாராக இருந்தது. எந்தப் பெட்டி எது என்று கண்ணுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக, பாலகணேஷின் மனைவி ஸ்வர்ணா தன் சுங்குடிச் சேலை ஒன்றைக் கயிற்றில் போட்டு மறைப்புக் கட்டியிருந்தாள். பெட்டி இரண்டும் சேலைக்குப் பின்னால். முன்னால் இரண்டு ஸ்பீக்கர். அதற்கு நேர் நடுவில் ஒரே ஒரு நாற்காலி. அது விருமாண்டிக்கு. கிளமெண்ட் பக்கத்தில் நின்றுகொண்டு ஒரு நோட்டைத் திறந்து, பேனா மூடியையும் கழற்றி வைத்திருந்தார். ஒச்சம்மாள் எதிர்ச் சுவரோரம் பாயில், ஸ்வர்ணா கொடுத்த காபியோடு உட்கார்ந்தாள்.

"இது மொதப் பொட்டி" என்று சேலைக்குப் பின்னாலிருந்து பாலகணேஷ் குரல் கொடுத்தார். ஒரு பெண் பாடினாள். பழைய பக்திப் பாட்டு, கூடவே வயலினும் தவிலும். கொஞ்ச நேரத்தில் நிறுத்தி, வயரை மாற்றி, "இது ரெண்டாவது" என்றார். அதே பாட்டு.

விருமாண்டி கண்ணை மூடிக்கொண்டார். தவில் கேட்டது. பாட்டு கேட்டது. இரண்டு தடவையும் ஒரே மாதிரிதான் கேட்டது. மறுபடி போடச் சொன்னார். மறுபடியும் அப்படியே. வால்வு என்றால் சுவிட்சு போட்டுச் சூடேறக் கொஞ்ச நேரம் ஆகும், அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று பார்த்தால், பாவி பாலகணேஷ் இரண்டையும் முன்கூட்டியே போட்டு வைத்திருந்தார்.

"எப்படிண்ணே?" என்றார் கிளமெண்ட்.

"இருங்க சார். எங்க தொழில்ல கிட்ட நின்னு பாக்குற வழக்கம் இல்ல. தள்ளிப் போயி நின்னாத்தான் சத்தத்தோட யோக்கியத தெரியும். நான் கீழ தெருவுக்குப் போறேன், நீ மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டே இரு தம்பி."

அந்த வழக்கம் பொய்யில்லை. குழாய் கட்டி முடித்ததும் காட்டுக்குள் கால் மைல் நடந்துபோய்க் கேட்டுவிட்டு வருகிறவர்கள்தான் ரேடியோ செட்காரர்கள். ஆனால் வீட்டுக்குள் வைத்துக் கேட்கிற ஸ்டீரியோவைத் தெருவில் நின்று சோதிக்கிற ஆளை மதுரை அன்றைக்குத்தான் பார்த்தது. கிளமெண்ட் அதையும் பயபக்தியோடு நோட்டில் எழுதிக்கொண்டார்.

விருமாண்டி படியிறங்கித் தெருவுக்கு வந்து ஒரு கைவண்டியில் சாய்ந்து நின்றார். மேலேயிருந்து தவில் மட்டும் மங்கலாக வந்தது. ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகலாமா? ஒன்று என்றாலும் பாதி வாய்ப்பு, இரண்டு என்றாலும் பாதி வாய்ப்பு. ஆனால் அந்த வாத்தியார் ஆறு மாதம் யோசித்த விஷயத்தை என்னுடைய செவிட்டுக் காதை நம்பி முடிவு பண்ணப்போகிறாரே என்று நினைத்தபோது நெஞ்சு உறுத்தியது.

படியில் வளையல் கை தெரிந்தது. ஒச்சம்மாள் இறங்கி வந்து பக்கத்தில் நின்றாள்.

"வித்தியாசம் ஒண்ணும் தெரியல, என்ன" என்றாள்.

"யாருக்கு?"

"ரெண்டு வருசமா குக்கர் விசிலடிச்சா நாந்தானே ஓடி வாரேன். நீங்க அடுப்புக்குப் பக்கத்துல ஒக்காந்து பேப்பர் படிச்சிக்கிட்டிருப்பீங்க. எனக்குத் தெரியாதாக்கும்."

அவர் கைவண்டியின் ஆணி ஒன்றை நகத்தால் நெருடினார்.

"அந்த டாக்டர் தாளையும் பாத்தாச்சு. தட்டு ஒறைக்குள்ள ஒளிச்சு வச்சீங்களே, அத மாசாமாசம் தூசி தட்டுறது யாரு?" என்று கேட்டுவிட்டு, அவர் முகத்தைப் பார்த்ததும் குரலை இறக்கிக்கொண்டாள். "மொதப் பொட்டியில கொரலு மெத்துன்னு இருக்கு. ரெண்டாவதுல அம்புட்டு மெத்து இல்ல, ஆனா அந்தப் பொம்பள பாட ஆரம்பிக்கிறதுக்கு முந்தி மூச்சு இழுக்குறா பாருங்க, அதுகூடக் கேக்குது. போயிச் சொல்லுங்க."

போயிச் சொல்லுங்க.

விருமாண்டி கைவண்டியை விட்டு நிமிர்ந்தார். இந்த ரெண்டு வார்த்தையை எத்தனை காலைகளில் கேட்டிருக்கிறார். பேரையூரைச் சுற்றிக் கரிசல் காடு, மறைக்க ஒன்றுமில்லை. இரண்டு மைல், மூன்று மைலில் அவர் கட்டின குழாய்ச் சத்தம் வீட்டு வாசல்வரை வரும். கஞ்சியை ஊற்றி வைத்துவிட்டு அவள் சொல்வாள்: "மூணாவது குழாய் நேத்துலருந்து கரகரங்குது, போயிச் சொல்லுங்க." "கெழக்க பாத்துக் கட்டுனது அமுங்கிப் போச்சு, போயிப் பாருங்க." அவர் போவார், ஏணி போடுவார், கழற்றுவார், ஊர் வாயைப் பிளக்கும். ஜெனரேட்டர் இரைச்சலுக்குள் நிற்கிற மனுசனுக்கு மூன்றாவது குழாய் எப்படிக் கேட்கும்? ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. அவருக்கே தோன்றவில்லை என்பதுதான் அநியாயம். அவள் சொன்னால் என்ன, நான்தானே சரி பண்ணினேன் என்று இருபத்தெட்டு வருடம் இருந்துவிட்டார். டாக்டர் தாளில் போனது பாதிக் காதுதான். முழுக் காது எப்போதுமே கஞ்சிச் சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. ஒரு நாளாவது நல்ல வார்த்தை சொல்லியிருப்பாரா? நினைத்துப் பார்த்தார். ஒன்றுகூட அகப்படவில்லை.

இப்போதும் அவள் சொன்னதை அப்படியே மேலே போய்ச் சொன்னால் போதும். மூச்சு இழுப்பதுகூடக் கேட்கிறது என்றால் கிளமெண்ட் கையெடுத்துக் கும்பிடுவார். அவளும் அதற்குத்தான் சொல்லியிருக்கிறாள். அவர் பேர் அப்படியே நிற்கும்.

"வா" என்று முன்னால் நடந்தார்.

மேலே கிளமெண்ட் பேனாவோடு தயாராக இருந்தார். பாலகணேஷ் சேலைக்கு மேலே தலையை நீட்டினார்.

"கிளமெண்ட் சார், பேனாவ மூடுங்க" என்றார் விருமாண்டி. "எனக்குக் காது போயிருச்சு. டாக்டரு தாளு குடுத்தே எட்டு மாசமாச்சு. ரெண்டு பொட்டியும் எனக்கு ஒண்ணாத்தான் கேக்குது. நான் சொல்லி நீங்க வாங்கினீங்கன்னா அது பாவம்."

பாலகணேஷ் பாட்டை நிறுத்தினார். உள்ளே தட்டு மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"இன்னொண்ணையும் சொல்லிப்புடுறேன். விருமாண்டி காது, விருமாண்டி காதுன்னு ஊரு சொல்லுதே, அது என் காதே இல்ல. வீட்ல இருந்து இவதான் கேட்டுச் சொல்லுவா. நான் ஏணி போட்டு ஏறுனதுதான் என் வேல. இம்புட்டு நாளும் இத வெளிய சொல்லாம இருந்தது என் தப்பு."

"எதுக்கு இதெல்லாம்" என்று ஒச்சம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அவளுக்குக் கோபமா வெட்கமா என்று தெரியவில்லை.

கிளமெண்ட் சிரித்துவிடுவார், இல்லாவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று விருமாண்டி எதிர்பார்த்தார். கிளமெண்டோ நோட்டை மூடிச் சட்டைப் பைக்குள் திணித்தார். நடுவில் இருந்த நாற்காலியைக் கைக்குட்டையால் ஒரு தட்டுத் தட்டினார். "அப்ப நீங்க வந்து இதுல ஒக்காருங்கம்மா. எனக்கு எது வாங்கன்னு நீங்க சொல்லுங்க" என்றார். பாலகணேஷும், "ஆமா மதினி, வாங்க" என்றார். விருமாண்டிக்கு அந்த இரண்டு பேர் காலிலும் விழலாம் போல இருந்தது.

ஒச்சம்மாள் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். விருமாண்டி அவள் உட்கார்ந்திருந்த பாயில் போய் உட்கார்ந்தார். பாட்டு மறுபடி ஓடியது, முதல் பெட்டி, இரண்டாவது பெட்டி. அவள் ஸ்பீக்கரைப் பார்க்கவே இல்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்து, தரையையே பார்த்தபடி கேட்டாள்.

"சாருக்கு மொதப் பொட்டி" என்றாள் முடிவில். "பள்ளிக்கூடத்துல நாளெல்லாம் புள்ளைங்க சத்தத்தக் கேட்டுட்டு வர்றவுகளுக்கு அது எதமா இருக்கும். எங்களுக்கு ரெண்டாவது."

பாலகணேஷ் சேலையை விலக்கினார். முதலாவது வால்வு, இரண்டாவது டிரான்சிஸ்டர்.

"எங்கூர்ல சாயங்காலம் கரண்டு சோந்து போயிரும்" என்றார் விருமாண்டி, ஏதாவது சொல்லவேண்டுமே என்று. "வால்வு தாங்காது, அதனாலயும் இதுதான் சரி. அதத்தான் நீயும் நெனச்சியா?"

"கரண்ட யாரு கண்டா. ரெண்டாவது ஓடுறப்பத்தான் ஒங்க காலு பெருவெரலு ஆடுச்சு. அப்பவும் பாத்தேன், இப்பவும் பாத்தேன். மொதப் பொட்டிக்கு சும்மா கெடந்துச்சு."

பாலகணேஷ் அந்தப் பெட்டியைத் திருப்பி ஒரு திருகு பொத்தானைக் காட்டினார். "கரெக்டுதான் மதினி. இதுல மேல்சத்தத்தக் கொஞ்சம் தூக்கி வச்சிருக்கேன். அண்ணனுக்குத் தனக்கே தெரியாம ஏதோ கொஞ்சம் உள்ள போயிருக்கு." இதைச் சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஸ்வர்ணா உள்ளே போய் எல்லாருக்கும் இன்னொரு காபி போட்டாள்.

செவ்வாய்க்கிழமை முற்பகலில் பேரையூர் வீட்டில் எல்லாம் பூட்டி முடிந்தது. முதல் தட்டு ஓடியது. விருமாண்டி நடுவில் உட்கார்ந்து, கேட்ட மட்டும் கேட்டார். கேட்காததை ஒச்சம்மாள் அடுப்படியிலிருந்து சொன்னாள், இப்ப வயலின் மேல போகுது, இப்ப சலங்கை வருது என்று. அவள் சொன்னதும் அவருக்கும் கேட்கிற மாதிரியே இருந்தது.

தட்டு முடிந்ததும் எழுந்து போய்ப் பழைய மைக்கை எடுத்து வந்தார். துணி சுற்றி வைத்திருந்ததைப் பிரித்து, பாலகணேஷ் சலித்துக்கொண்டே போட்ட துளையில் குத்தினார். எந்தத் திருவிழா முடிந்தாலும் குழாயைக் கழற்றுவதற்கு முன்னால் ரேடியோ செட்காரர் நன்றி அறிவிக்கவேண்டும், பேரை இரண்டு தடவை படிக்கவேண்டும். ஊர் அம்பலக்காரரிலிருந்து கரண்டு ஆபீஸ் லைன்மேன், டீ கொடுத்த கடைக்காரர்வரை ஒருத்தர் விடாமல் படித்து முடித்தால்தான் விழா முடிந்த கணக்கு. இருபத்தெட்டு வருடத்தில் விருமாண்டி நன்றி சொல்லாத ஆள் அந்த வட்டாரத்தில் ஒரே ஒருத்திதான்.

"அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே" என்று தொடங்கினார். கூடத்தில் ஒரு பூனைகூட இல்லை. "இந்த ஸ்டீரியோ செட் சிறப்பாக அமைய ஒத்துழைப்பு நல்கிய முனிச்சாலை பாலகணேஷ் அவர்களுக்கும், சுங்குடிச் சேலை கொடுத்துதவிய ஸ்வர்ணா அவர்களுக்கும், நாற்காலி துடைத்துக் கொடுத்த கிளமெண்ட் வாத்தியார் அவர்களுக்கும், பெட்டியை மடியில் வைத்துக்கொள்ள இடம் கொடுத்த கண்டக்டர் அவர்களுக்கும் எங்கள் நன்றி." இவர்களையெல்லாம் இரண்டு தடவை படித்தார். அப்புறம் அறிவிப்பு நின்றது. மைக்கில் அவர் மூச்சு வாங்குவது மட்டும் வந்தது.

"இருபத்தெட்டு வருடமாக எனக்குக் காது கொடுத்த, கீழத்தெரு ஒச்சம்மாள் அவர்களுக்கு..." என்றார். மைக்கை இன்னும் கிட்டப் பிடித்துக்கொண்டு முடித்தார். "ஒச்சம்மாள் அவர்களுக்கு, என் மனமார்ந்த நன்றி."

அடுப்படி வாசலில் அவள் ஈரக் கையோடு வந்து நின்றிருந்தாள். கண் கலங்கியிருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"வலது பக்கம் கரகரங்குது" என்றாள்.

அவருக்கு ஒரு கரகரப்பும் கேட்கவில்லை. மைக்கைக் கீழே வைத்துவிட்டுப் போய், வலது ஸ்பீக்கரின் பின்னால் குனிந்து, வயர் திருகாணியைக் கையால் முறுக்கினார். திரும்பி வந்து மைக்கைத் தட்டினார். "இப்ப?"

"இன்னும் கொஞ்சம்."

மறுபடி குனிந்து முறுக்கினார், மறுபடி வந்து தட்டினார். "இப்ப?"

"ம். இப்பச் சரியாயிருச்சு" என்றாள் ஒச்சம்மாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, கூடத்துக்கு வந்து, நடுவில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். "பேர ரெண்டு தடவ படிக்கணும்ல. திரும்பச் சொல்லுங்க."